கதிரை மாறி அமர்தல்: நிறுவனக் குழுக்களில் சோசியோடிராமா நடத்தக் கற்றல்

கொழும்பில் தலைமைக் கந்தோரும் வடக்கிலும் கிழக்கிலும் கிளைகளும் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் பயிற்சி நாளில், கிளைகளிலிருந்து வரவேண்டிய அறிக்கைகள் ஏன் எப்போதும் பிந்துகின்றன என்பதே பேசுபொருளாக இருந்தது. காலை முழுவதும் பேசியும் 'தொடர்பாடல் குறைபாடு' என்ற இரண்டு சொற்களுக்கு அப்பால் குழு நகரவில்லை. தேநீருக்குப் பின்னர் கிளை உத்தியோகத்தர், தலைமைக் கந்தோர் உத்தியோகத்தர், கருமபீடத்தின் முன் காத்து நிற்கும் வாடிக்கையாளர் என்று மூன்று பாத்திரங்களுக்கு மூன்று கதிரைகள் போட்டேன். கணக்குப் பிரிவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நான்காவது கதிரையொன்றைத் தானே இழுத்துப் போட்டு அமர்ந்து, தான்தான் அந்த மின்னஞ்சல் என்றார். "நான் பதினொரு பேருக்குப் போனனான். பதினொரு பேரும் திறந்து பார்த்தவை. ஆரோ ஒராள் பதில் போடுவினம் எண்டு பதினொரு பேரும் நினைச்சவை." சிரிப்பு அடங்கியதும், தலைமைக் கந்தோர்க் கதிரையில் இருந்தவர் கிளைக் கதிரையின் பக்கம் திரும்பி, வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு 'அவசரம்' என்று தலைப்பிட்டு ஒன்று வந்தால் அங்கே என்ன நடக்கும் என்று கேட்டார். அந்த நாளில் கேட்கப்பட்ட முதலாவது உண்மையான கேள்வி அதுதான்.

ஒரு குழு தனக்குப் பொதுவான சிக்கலொன்றை எடுத்து, அதில் சம்பந்தப்பட்ட பாத்திரங்களை ஏற்று, எழுதிய வசனம் எதுவும் இல்லாமல் நடித்துப் பார்ப்பதே சோசியோடிராமா. இதைச் 'சமூக நாடகம்' என்று தமிழாக்குவோர் உண்டு. புராண நாடகங்களிலிருந்து பிரித்து, சீதனம், சாதி, குடும்பச் சச்சரவு முதலியவற்றைப் பேசும் நாடகங்களைக் குறிக்க அந்தச் சொல் நம்மிடையே நெடுங்காலமாக வழங்கி வருவதால், பயிற்சிக்கு வருவோர் வசனப் பிரதி எங்கே என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆகவே ஒலிபெயர்ப்பையே வைத்துக்கொள்கிறேன்.

இந்த முறையின் மூலவர், 1889இல் புக்காரெஸ்டில் பிறந்து வியன்னாவில் மருத்துவம் கற்ற யாக்கோப் லெவி மொரேனோ. 1921 ஏப்ரல் 1ஆம் திகதி இரவு, வியன்னாவின் அரங்கொன்றில் ஒரு சிம்மாசனத்தையும் ஒரு முடியையும் மட்டும் மேடையில் வைத்துவிட்டு, வந்திருந்தவர்களை மேடையேறி அரசராக இருந்து பார்க்கும்படி அவர் அழைத்தார். முதலாம் உலகப் போரில் பேரரசு உடைந்துபோய், இனி ஆளப்போவது யார் என்ற கேள்வி ஊர் முழுவதையும் பிடித்திருந்த காலம் அது. மேடையேறிய எவரையும் சபை அரசராக ஏற்கவில்லை என்று அவரே பின்னர் எழுதினார். நமக்கு அதில் வேண்டியது சிம்மாசனம்: வெறுமையான ஓர் இருக்கையை நடுவில் வைத்ததும், அதில் யார் அமர்ந்தாலும் பேசவேண்டிவந்தது அங்கிருந்த எல்லாருக்கும் பொதுவான ஒன்றைத்தான்.

சைக்கோடிராமாவும் மொரேனோ உருவாக்கியதே என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. சைக்கோடிராமாவில் ஒருவர் தம் வாழ்க்கையை, தம் தாயை, தம் இழப்பை நடுவில் வைக்கிறார்; அது சிகிச்சை சார்ந்தது, அதற்குரிய நீண்ட பயிற்சி பெற்றவர்களே நடத்தவேண்டியது. சோசியோடிராமாவில் நடுவில் இருப்பது குழு. 'ஒரு மேற்பார்வையாளர்' என்ற பாத்திரத்தை எவரும் ஏற்கலாம். 'எங்கள் பிரிவின் இன்னார்' என்ற மனிதரை எவரும் ஏற்கக் கூடாது. கீழே சொல்லப்போகும் நுட்பங்கள் எல்லாவற்றையும் மறந்தாலும் இந்த எல்லையை மறக்கக் கூடாது. விற்பனையாளர்களுக்குக் கொடுக்கப்படும் வழக்கமான நடிப்புப் பயிற்சியிலிருந்தும் இது வேறுபட்டது: அங்கே சரியான விடை முன்கூட்டியே பயிற்றுநரின் கையில் இருக்கிறது, இங்கே நெறியாளருக்கும் அது தெரியாது.

கேள்வியைத் திருத்துதல்

முக்கால்வாசி வேலை அமர்வுக்கு முன்னரே நடந்துவிட வேண்டும். நிர்வாகம் பெரும்பாலும் ஒரு தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டே நம்மை அழைக்கிறது. 'எங்கள் ஊழியர்களின் மனப்பான்மையை மாற்ற வேண்டும்' என்பது தீர்ப்பு. 'வாடிக்கையாளர் ஒருவர் மூன்றாம் தடவையாகவும் திருப்பி அனுப்பப்படும்போது, அவரைத் திருப்பி அனுப்புகிறவர் எந்த நெருக்கடிகளுக்கு நடுவில் நிற்கிறார்?' என்பது கேள்வி. முதலாவதை வைத்துச் சோசியோடிராமா செய்ய முடியாது. செய்தால் அது மேலிடத்தின் அறிவுரையை ஊழியர்களின் வாயாலேயே சொல்லவைக்கும் தந்திரமாகிவிடும். ஆகவே அமர்வுக்கு ஒரு வாரம் முன்பாக, வெவ்வேறு மட்டங்களைச் சேர்ந்த நான்கைந்து பேரோடு தனித்தனியே பேசுங்கள். அவர்களுள் ஒருவராவது சாரதியாகவோ அலுவலக உதவியாளராகவோ இருக்கட்டும். கோப்புகள் எந்த மேசையில் தேங்கிக் கிடக்கின்றன என்பது முகாமையாளரைவிடத் தேநீர் கொண்டுபோகிறவருக்கு நன்றாகத் தெரியும்.

அப்போதே நிர்வாகத்தோடு மூன்று விடயங்களை எழுத்தில் முடிவு செய்துகொள்ள வேண்டும்: எந்தக் கேள்வி, அறையில் யார் யார், அமர்வு முடிந்தபின் நிர்வாகத்துக்கு என்ன சொல்லப்படும். மூன்றாவதைக் கேட்கக் கூச்சப்பட்டால் பின்னர் வருந்த நேரிடும். பங்குபற்றுவோருக்கும் அதே தாளை அமர்வின் தொடக்கத்தில் வாசித்துக் காட்டுங்கள்; அந்த அறைக்குள் பேசியது அறைக்குள்ளேயே இருக்கும் என்று வாய்ச்சொல்லால் மட்டும் சொன்னால், கந்தோரில் பத்து வருடம் இருந்த எவரும் நம்பமாட்டார்.

குழுவுக்கு 10 முதல் 18 பேர் போதும். கொழும்பு ஹோட்டல் மண்டபங்களில் வெள்ளைத் துணி விரித்த வட்ட மேசைகளும் ஒலிவாங்கியும் குளிரூட்டியின் நடுக்கமும் தயாராக இருக்கும். மேசைகள் அனைத்தையும் முதல் நாள் மாலையே அகற்றிவிடும்படி சொல்லிவையுங்கள். மட்டக்களப்புக் கூத்துக்கு வட்டக்களரியைச் சுற்றிச் சனம் இருப்பதுபோலக் கதிரைகள் வட்டமாக இருக்க, நடுவே நாலைந்து பேர் தாராளமாக நடமாட இடம் வேண்டும். யாரும் யாருக்கும் முதுகு காட்டி அமராத இந்த அமைப்பில், பார்த்துக்கொண்டிருப்பவரும் எந்த நேரத்திலும் ஓரடி எடுத்துவைத்து உள்ளே வந்துவிடலாம்.

ஆயத்தம்

மூன்று மணித்தியால அமர்வொன்றில் முதல் 40 நிமிடங்களை ஆயத்தத்துக்கு ஒதுக்குகிறேன். புதிதாக நடத்துவோர் இதை வெறும் விளையாட்டு என்று எண்ணிப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, பின்னர் எவரும் வாய் திறக்கவில்லையே என்று தவிப்பார்கள்.

நான் பெரும்பாலும் தரையில் ஒரு வரைபடத்தோடு தொடங்குவேன். அறையின் ஒரு சுவர் கடற்கரை, கதவு இருக்கும் பக்கம் கோட்டை ரயில் நிலையம் என்று சொல்லிவிட்டு, இன்று காலை எங்கிருந்து புறப்பட்டீர்களோ அங்கே போய் நில்லுங்கள் என்று கேட்பேன். வத்தளையும் கொட்டாஞ்சேனையும் ஒரு மூலையில் கூடும். வெள்ளவத்தை, தெஹிவளை, பாணந்துறை கரையோரமாக நீளும். 138ஆம் இலக்க பஸ்ஸில் வருகிறவர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்துச் சிரிப்பார்கள். ஆறு வருடம் ஒரே மாடியில் வேலை செய்த இருவர் ஒரே ரயிலில்தான் வருகிறார்கள் என்பது அப்போதுதான் தெரியவரும். 1930களில் நியூயோர்க் மாநிலத்தின் ஹட்சன் நகரிலிருந்த பெண் பிள்ளைகளின் சீர்திருத்தப் பாடசாலையில், யாரோடு ஒரே வீட்டில் வசிக்க விரும்புகிறாய் என்று பிள்ளைகளையே கேட்டு, அந்தத் தெரிவுகளை மொரேனோ வரைபடமாக்கினார். குழுவுக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இழைகளைக் கண்ணுக்குத் தெரியவைக்கும் அந்த வேலையின் எளிய வடிவந்தான் இந்தத் தரைப்படம்.

வரைபடத்தை நாடு முழுவதற்கும் விரித்து 'உங்கள் ஊர் எது?' என்று கேட்பதில் மட்டும் கவனம் வேண்டும். இடம்பெயர்ந்து வந்தவருக்கு ஊர் எது என்பது ஒரே சொல்லில் விடை சொல்லக்கூடிய கேள்வியன்று. விரும்பினால் வட்டத்துக்கு வெளியே நிற்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது கற்பனைக் கோடு: ஒரு முனை 'முழுவதும் உடன்படுகிறேன்', மறுமுனை 'சற்றும் இல்லை'. 'இந்தக் கந்தோரில் கேள்வி கேட்பது எளிது' என்று ஒரு வாக்கியத்தைச் சொல்லி, அவரவர் இடத்தில் நிற்கச் சொல்லி, பக்கத்தில் நிற்பவரோடு இரண்டு நிமிடம் பேசவிடுங்கள். வாக்கியத்தைத் தெரிவதில் அவசரப்படாதீர்கள். 2022இன் நெருக்கடிக்குப் பின்னர் எத்தனையோ கந்தோர்களில் பாதி மேசைகள் வெறுமையாகி, வெளிநாடு போனவர்களின் வேலையையும் இருப்பவர்களே இழுக்கிறார்கள். அது சோசியோடிராமாவுக்கு மிகப் பொருத்தமான கேள்வி. ஆனால் 'வெளிநாடு போக எண்ணுகிறவர்கள் இந்தப் பக்கம்' என்று முகாமையாளரின் முன்னால் கோடு போடுவது, இராஜினாமாக் கடிதத்தை எல்லாருக்கும் முன்னால் எழுதச் சொல்வதற்குச் சமம். அதற்குப் பதிலாக மூன்று வெறுங்கதிரைகளை வைத்து, 'போனவரின் மேசை இது. அவர் விட்டுப்போனவற்றுள் எது இப்போது யாருடைய மேசையில்?' என்று கேட்கலாம்.

ஆயத்தத்தின் முடிவில் இந்தக் கேள்வியில் யார் யார் சம்பந்தப்படுகிறார்கள் என்று குழுவையே கேட்டு, பெரிய தாளில் எழுதுங்கள். மனிதர்கள் மட்டும் வேண்டியதில்லை. சுற்றறிக்கை, வட்ஸ்அப் குழு, மாத முடிவு, வீட்டில் காத்திருக்கும் பிள்ளை ஆகியவையும் பாத்திரங்களே. அவற்றுள் நாலு முதல் ஆறு வரை போதும்.

அளிக்கை

பாத்திரத்தை ஏற்றவரை உடனே பேசவிடக் கூடாது. கதிரையில் இருத்தி, அந்தப் பாத்திரமாகவே பதில் சொல்லச் சொல்லி, சின்னச் சின்னக் கேள்விகள் கேளுங்கள்: இந்தக் கதிரையில் எத்தனை வருடம்? மேசையில் இப்போது என்ன இருக்கிறது? கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? இந்த வேலையில் எதற்குப் பயம்? மூன்றாவது நான்காவது பதிலில் குரல் மாறும். முதுகு நிமிரும் அல்லது கூனும். அதன் பின்னர் ஒரே இடம், ஒரே நேரம் என்று சுருங்கிய காட்சியைக் கொடுங்கள். 'தலைமைக் கந்தோருக்கும் கிளைக்கும் உள்ள உறவு' என்பதை எவராலும் நடிக்க முடியாது. 'வெள்ளிக்கிழமை, 4 மணி, தொலைபேசி ஒலிக்கிறது' என்பதை எவராலும் நடிக்கலாம்.

காட்சி ஓடத் தொடங்கியதும் நெறியாளரிடம் இருக்கும் மிக வலிய கருவி பாத்திர இடமாற்றம். இருவரும் எழுந்து கதிரை மாறி அமர்ந்து, எதிரில் இருந்தவர் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை அதே தொனியில் திரும்பச் சொல்லிவிட்டு, அங்கிருந்து தொடர வேண்டும். உடம்பு உண்மையாகவே இடம் மாற வேண்டும். இருந்த இடத்திலேயே 'இப்போது நீங்கள் அவர் என்று நினைத்துக்கொள்ளுங்கள்' என்றால் நடப்பது விவாதம் மட்டுமே. நம் மொழியில் இதற்கு நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது: விளிக்கும் முறை. ஒருமுறை முகாமையாளரின் கதிரைக்கு மாறிய எழுதுவினைஞர், எதிரே கீழ்நிலை ஊழியராக அமர்ந்திருந்த தம் உண்மையான மேலதிகாரியைப் பார்த்து, "சேர், அந்தக் கோப்பைக் கொண்டு வாங்கோ" என்றார். வாயிலிருந்து 'சேர்' போகாதவரை அவர் இன்னும் தம் பழைய கதிரையிலேயே இருக்கிறார். அவரை நான் திருத்தவில்லை, "இந்தக் கதிரையில் இருப்பவர் எதிரே இருப்பவரை எப்படிக் கூப்பிடுவார்?" என்று மட்டும் கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, பெயரே சொல்லாமல், கண்ணையும் உயர்த்தாமல், "கோப்பு" என்று ஒரு சொல்லை மட்டும் சொன்னார். எதிரே இருந்த மேலதிகாரிக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

இரட்டைக் குரல் என்பது ஒரு பாத்திரத்தின் தோளுக்குப் பின்னால் நின்று, அவர் வெளியே சொல்லாததை 'நான்' என்றே சொல்லுவது. சொல்லி முடித்ததும் முன்னால் இருப்பவர் அது சரியென்றால் தம் சொல்லில் திரும்பச் சொல்ல வேண்டும், பிழையென்றால் மறுத்துத் திருத்த வேண்டும். இந்த மறுக்கும் உரிமையை முன்கூட்டியே தெளிவாகக் கொடுக்காவிட்டால், வாய்வல்லவர் ஒருவர் பின்னால் நின்று இன்னொருவரின் மனத்தை எழுதத் தொடங்கிவிடுவார். கண்ணாடி முறையில் பாத்திரம் ஏற்றவர் வெளியே வந்து நிற்க, வேறொருவர் அவர் செய்ததைச் செய்துகாட்டுவார். கேலியாக மாறும் ஆபத்து இருப்பதால் தொடக்கக்காரர் இதைத் தவிர்ப்பதே நல்லது. தனிமொழிக்கு விளக்கமே தேவையில்லை: காட்சியை நிறுத்தி, உள்ளே ஓடுவதை உரக்கச் சொல்லச் சொல்லுங்கள்.

மொழியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1987இன் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாயிற்று என்றாலும், தனிச் சிங்களப் படிவமொன்றைக் கையில் வைத்துக்கொண்டு கருமபீடத்தில் நிற்கும் அனுபவம் கொழும்புத் தமிழ் பேசுவோர் பலருக்கும் உண்டு. அதைக் கொடுத்த உத்தியோகத்தருக்கும் கையில் வேறு படிவம் இருந்திருக்காது. மூன்று மொழிக்காரரும் கலந்த குழுவில், அவரவர் எந்த மொழியில் எரிச்சல்படுவார்களோ அந்த மொழியிலேயே பேசவிடுங்கள். மொழிபெயர்ப்பவர் ஓரத்தில் நிற்காமல் இரட்டைக் குரலாகப் பாத்திரத்தின் பின்னால் நின்று 'நான்' என்றே சொல்லட்டும். காட்சியின் நடுவில் யார் எந்த இடத்தில் ஆங்கிலத்துக்குத் தாவுகிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதிகாரம் கைமாறும் இடம் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

என் கையில் நேர்ந்த ஒரு பிழை

நான் நடத்தத் தொடங்கிய காலத்தில், ஒரு நிறுவனத்தில், மேற்பார்வையாளர் பாத்திரத்தை ஏற்ற பெண்மணி ஒருவர் மிக உயிரோட்டமாகப் பேசினார். சுற்றியிருந்தவர்கள் சிரித்த விதத்திலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். அவர் பேசியது வட்டத்தில் அமர்ந்திருந்த தம் சொந்த மேற்பார்வையாளரின் சொற்களை, அவருடைய கையசைவோடு. காட்சி நன்றாக வருகிறதே என்ற மயக்கத்தில் நான் நிறுத்தவில்லை. அவர் இடையில் அழத் தொடங்கினார். அடுத்த மாதம் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார் என்று பின்னர் அறிந்தேன். அந்த மாற்றத்துக்கு என் அமர்வுதான் காரணமா என்பதை நான் கேட்டறியவில்லை. கேட்கத் துணிவும் இருக்கவில்லை.

அன்று செய்திருக்க வேண்டியது எளியது. குரல் ஒரு குறிப்பிட்ட மனிதரைத் தொட்ட கணத்திலேயே காட்சியை உறையவைத்து, அவரைக் கதிரையிலிருந்து எழுப்பி, வட்டம் முழுவதையும் பார்த்து, 'இந்த மாதிரியான சொல்லை வேலையிடத்தில் எங்காவது கேட்டவர்கள் எத்தனை பேர்? சொல்லவேண்டி வந்தவர்கள் எத்தனை பேர்?' என்று கேட்டிருக்க வேண்டும். ஒருவருடையதாகச் சுருங்கியது மறுபடியும் எல்லாருடையதாக விரிந்திருக்கும். வேறொருவர் அந்தக் கதிரைக்கு வந்திருப்பார். அதோடு, ஒருவரின் கீழ் மற்றவர் நேரடியாக வேலை செய்யும் இருவரை எதிரெதிர்ப் பாத்திரங்களில் இருத்துவதற்கு முன், இருவரிடமும் தனித்தனியே சம்மதம் பெறாமல் இப்போது நான் எதையும் தொடங்குவதில்லை.

போரும் ஆழிப்பேரலையும் கடந்து வந்த நாட்டில், கந்தோர் விடயமொன்றைத் தொட்டே பழைய காயம் திறந்துகொள்வதும் உண்டு. அப்போது காட்சியைத் தொடராதீர்கள். கூட ஒருவர் அவரோடு வெளியே சென்று அமரட்டும். விரும்பினால் உளவளத்துணையாளரிடமோ, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கோ வழிகாட்டலாம். அந்தக் காயத்தை நாடகமாக்கும் உரிமை நமக்கில்லை. இதற்காகவே தனியாக எந்த அமர்வையும் நடத்தாமல் இருவராகச் செல்வது நல்லது.

பாத்திரம் கழற்றுதலும் பகிர்வும்

காட்சி முடிந்ததும் கைதட்டிவிட்டுச் சாப்பாட்டுக்குப் போகக் கூடாது. பாத்திரம் ஏற்ற ஒவ்வொருவரும் கதிரையை விட்டெழுந்து, அதன் பின்னால் நின்று, "நான் மேற்பார்வையாளர் அல்ல, நான் இன்னார்" என்று தம் பெயரையும் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றினாலும் விடாதீர்கள். மாலையில் மின்தூக்கியில் 'என்ன முகாமையாளரே' என்று யாரும் கேலி செய்யாதிருக்க இது உதவும்.

பகிர்வு இரண்டு சுற்று. முதலாவதில், அந்தந்தக் கதிரையிலிருந்து பார்த்தபோது என்ன தெரிந்தது என்று பாத்திரம் ஏற்றவர்கள் சொல்வர். இரண்டாவதில், பார்த்தவர்கள் தம் அனுபவத்தோடு எங்கே பொருந்தியது என்று சொல்வர். 'நீங்கள் அப்படிச் செய்திருக்கக் கூடாது', 'நடிப்பு அருமை' ஆகிய இரண்டு வகைப் பேச்சுக்கும் இங்கே இடமில்லை. அதன் பின்னரே கந்தோரில் எதை மாற்றிப் பார்க்கலாம் என்ற பேச்சு வர வேண்டும். அதுவும் திங்கட்கிழமை காலையில் செய்துபார்க்கக்கூடிய அளவுக்குச் சிறியதாக. மின்னஞ்சல் கதிரையைக் கண்ட அந்தக் குழு, ஒவ்வொரு மடலிலும் பதில் தரவேண்டியவர் ஒருவரின் பெயரை மட்டும் மேலே எழுதுவது என்று முடிவு செய்தது.

கற்கும் வழி

முதல் நாளே நெறியாளராக நிற்காதீர்கள். கூத்தில் அண்ணாவியாராவதற்கு முன் எத்தனை வருடம் பிற்பாட்டுப் பாட வேண்டியிருக்கிறது! பிறர் நடத்தும் அமர்வுகளில் முதலில் பங்காளராக, பின்னர் துணைப் பாத்திரமாக இருங்கள். கதிரை மாறும்போது வயிற்றில் ஏற்படும் சங்கடத்தை அறியாதவர் மற்றவரை மாறச் சொல்லக் கூடாது. அதன்பின் ஆறேழு நண்பர்களோடு ஒரு ஞாயிறு மாலை, தொடர்மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவுவது யார் என்பது போன்ற சிறு கேள்வியொன்றை எடுத்து, இடமாற்றம் ஒன்றை மட்டும் பழகுங்கள். ஒரு அமர்வுக்கு ஒரு கருவி போதும்.

எந்தத் துறையிலிருந்து வருகிறீர்களோ அதன் குறையையும் கூடவே கொண்டுவருவீர்கள். நாடகக்காரர் காட்சி அழகாக வர வேண்டும் என்று இழுப்பார். உளவளத்துணையாளர் ஒருவரின் கண்ணீரைக் கண்டதும் குழுவை மறந்துவிடுவார். மனிதவளப் பிரிவிலிருந்து வருபவர் பகிர்வு முடிவதற்குள் வெள்ளைப் பலகையில் 'கற்றுக்கொண்டவை' என்று எழுதத் தொடங்குவார். நான் முதலாவது வகை. அதனால்தான் மேலே சொன்ன பிழை நேர்ந்தது.

அமர்வு முடிந்து ஒரு வாரத்துக்குள் நிர்வாகத்துக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: எடுத்த கேள்வி, வந்த பாத்திரங்கள், ஒவ்வொரு கதிரையிலிருந்தும் தெரிந்தது, குழு செய்துபார்க்க ஒப்புக்கொண்டது. ஆட்களின் பெயர் ஓரிடத்திலும் வரக் கூடாது. பணிப்பாளர் அதை வாசித்துவிட்டு, "இது ஆர் சொன்னது?" என்று நிச்சயம் கேட்பார். கிளை உத்தியோகத்தரின் கதிரை சொன்னது என்று பதில் சொல்லிவிட்டு, முன்பு கையெழுத்திட்ட அந்தத் தாளை எடுத்து அவர் மேசையில் வையுங்கள்.